ஸோரியாவில் அடித்த ஏழு ஹோம் ரன்கள்

ஹார்ட்வெல், இல்லினாய்
9 மே 1948

அன்புள்ள ஒஸ்தப் அண்ணாவுக்கு,

இயேசு கிறிஸ்துவுக்குப் புகழ். நான் சுகம். அப்பா, அம்மா, நீ, சினையாக இருந்த சிவப்புப் பசு, நால்வரும் சுகமா? கன்று போட்டதா என்பதை முதல் வரியில் எழுது. அது தெரியாமல் மற்ற எதையும் என்னால் நிம்மதியாகப் படிக்க முடியாது.

என்னைப் பேஸ்பால் அணியில் எடுத்துக்கொண்டார்கள், அண்ணா. அறுபத்திரண்டு பெண்கள் வந்திருந்தோம், பதினெட்டு பேருக்குத்தான் இடம். பட்டியலைச் சுவரில் ஒட்டியதும் எல்லோரும் முண்டியடித்து ஓடினார்கள். நான் கடைசியாகப் போய்ப் பார்த்தேன். என் பெயரைப் பாதியாக வெட்டி 'ஜஸ்டி' என்று போட்டிருந்தார்கள். யூஸ்தினா என்று முழுதாகச் சொல்ல இந்த ஊரில் யாருக்கும் நாக்கு வளையவில்லை. அது நான்தானா என்று மேனேஜரிடம் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் அழுதேன்.

எங்கள் அணிக்கு வானம்பாடிகள் என்று பெயர். போன வருடம் சாம்பியன் பட்டத்துக்கான கடைசி ஆட்டம் வரை வந்து, பெல்மோர் ஊர்க் குளவிகளிடம் ஒரே ஓட்டத்தில் தோற்றவர்கள். ஊர் அதை இன்னும் மறக்கவில்லை. பால்காரர் பாட்டிலை வைத்துவிட்டு, "இந்த வருஷமாவது ஜெயிப்பீங்களா?" என்று என்னையே கேட்கிறார். வந்து மூன்று நாள்தான் ஆகிறது எனக்கு.

மேனேஜர் பெயர் கோய்ல். ஒரு காலத்தில் ஆண்கள் அணியில் பெரிய ஆளாம். இப்போது புகையிலை மென்றபடி எங்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். இரண்டாம் தளத்தில் நின்று பந்து பிடிக்கும் இடத்தை எனக்குத் தந்திருக்கிறார். ரக் தம்பதி வீட்டு மாடி அறையில் தங்கியிருக்கிறேன். உருளைக்கிழங்கை உப்பில்லாமல் வேகவைக்கிற குடும்பம், ஆனால் நல்லவர்கள்.

இன்னொன்று. ஆடுவதற்குக் கால்சட்டை கிடையாது, பாவாடைதான். அதுவும் முழங்காலுக்கு மேலே. இந்த வரியை அப்பாவுக்குப் படித்துக் காட்டாதே.

அம்மாவுக்கு முத்தங்கள்.

உன் தங்கை,
யூஸ்தினா


ஸோரியா, சஸ்காட்சவான்
23 மே 1948

அன்புத் தங்கை யூஸ்தினாவுக்கு,

என்றென்றும் புகழ். கிடாரிக் கன்று, நெற்றியில் வெள்ளை. எல்லோரும் சுகம். இடது கையால் எழுதுவது இன்னும் கோழி கிளறியது போலத்தான் இருக்கிறது. பொறுத்துக்கொள். புகார் இருந்தால் என் வலது கையிடம் சொல். அது பிரான்ஸில் ஏதோ ஒரு வயலில் ஓய்வெடுக்கிறது.

உன் கடிதம் வந்ததைத் தபால்கார ஹ்ரின்கோ ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். ஞாயிறு பூசை முடிந்து யாரும் வீட்டுக்குப் போகவில்லை. கோயில் மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டு, "படி" என்றார்கள். சாமியாரும் அங்கி மாற்றாமல் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். வேறு வழியில்லாமல் படித்தேன். பாவாடை வரியைப் படித்து முடித்த பிறகுதான் அதற்கு அடுத்த வரி கண்ணில் பட்டது.

பரஸ்கா அத்தை, "மேலேன்னா எவ்வளவு மேலே?" என்றாள்.

"எழுதல அத்தை."

"ஒரு விரக்கடையா, ரெண்டு விரக்கடையா? கேட்டு எழுது."

ஹ்ரின்கோ, "அவ்வளவு கவலையா இருந்தா நீயே ஒரு பாவாடை தெச்சு அனுப்பேன்" என்றார். "அனுப்பத்தான் போறேன்" என்றாள் அத்தை. ஒரு பொட்டலம் வரும். பிரிக்கும்போது யாரும் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்.

அப்பா மூலையில் குழாய் புகைத்துக்கொண்டிருந்தார். சிரிப்பு அடங்கியதும், "முதல்லேர்ந்து இன்னொரு தடவை படி" என்றார். இனி உன் கடிதம் ஊர்க் கடிதம். அதை மனதில் வைத்து எழுது.

உன் அண்ணன்,
ஒஸ்தப்


ஹார்ட்வெல்
8 ஜூன் 1948

அன்புள்ள அண்ணாவுக்கும், மண்டபத்தில் இருக்கும் எல்லோருக்கும்,

இயேசு கிறிஸ்துவுக்குப் புகழ். நான் சுகம், உங்கள் சுகமறிய ஆவல். பரஸ்கா அத்தையின் பாவாடை வந்தது. கணுக்கால் வரை நீளம். கோய்ல் அதைத் தூக்கிப் பார்த்து, மழை வந்தால் மைதானத்தை மூட உதவும் என்றார். அத்தை கோபிக்கக் கூடாது. குளிர் ராத்திரிகளில் அதைத்தான் போர்த்திக்கொள்கிறேன்.

பதினாறு ஆட்டங்களில் பதினொன்று வென்றிருக்கிறோம். இரண்டாம் இடம். எங்களுக்கு மேலே குளவிகள் மட்டும்தான். சனிக்கிழமை ஆட்டத்தைச் சொல்கிறேன். கடைசிச் சுற்று. ஒரு ஓட்டம் முன்னால் இருக்கிறோம், எதிரணியில் இரண்டு பேர் தளங்களில் நிற்கிறார்கள். எங்கள் டெல் மார்ஷ் கான்ஸஸ்காரி, சிலந்தி மாதிரி கை கால். பந்து அவள் தலைக்கு மேலே போகிறது. "போச்சு, இதை எங்கம்மா பிடிச்சிருப்பா" என்று கோய்ல் வாய்க்குள் முனகுகிறார். சொல்லி முடிப்பதற்குள் டெல் பின்பக்கமாக எகிறிப் பிடித்துவிட்டாள். கோய்ல் புகையிலையை விழுங்கிவிட்டார். நான் முதுகில் தட்டினேன். அரை மணி நேரம் இருமினார். நான் கொறித்துக்கொண்டிருந்த வேர்க்கடலை முழுக்கக் கொட்டிவிட்டது.

ஊர்க்காரர்கள் வீட்டுக்கு வீடு பாட்டு பாடுகிறார்கள். பால்காரர் எனக்கு மட்டும் ஒரு பாட்டில் அதிகம் வைத்துவிட்டுப் போனார்.

உங்கள்,
யூஸ்தினா


ஸோரியா
20 ஜூன் 1948

அன்புத் தங்கைக்கு,

என்றென்றும் புகழ். எல்லோரும் சுகம். மழை நேரத்துக்குப் பெய்தது, கோதுமை முழங்கால் உயரம்.

மண்டபத்தில் இப்போது நாற்காலி போதவில்லை. பக்கத்து ஊர் நார்வேக்காரர்கள் இரண்டு வண்டியில் வந்தார்கள். அவர்களுக்கு நம் மொழி தெரியாது. ஆனால் எப்போது சிரிக்க வேண்டும் என்று மற்றவர்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

டெல் பிடித்த பிடிக்குப் பெரிய கைதட்டல். அது அடங்கியதும் அப்பா கேட்டார்: "அது சரி. நம்ம பொண்ணு என்ன பண்ணினா?"

நான் சமாளித்துவிட்டேன். எப்படி என்று கேட்காதே.

அடுத்த கடிதத்தில் உன்னைப் பற்றியும் நாலு வரி எழுது.

உன் அண்ணன்,
ஒஸ்தப்


ஹார்ட்வெல்
6 ஜூலை 1948

அன்புள்ள அண்ணாவுக்கு,

புகழ். நான் சுகம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கற்பூரத் தைலம் ராத்திரியில் மட்டும் போடச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை இந்த நாட்டின் சுதந்திர தினம். பெல்மோர் குளவிகள் இங்கே வந்தார்கள். ஏழாயிரம் பேர் கூட்டம், மரத்திலெல்லாம் ஆட்கள். குளவிகளின் பந்து வீச்சாளர் வெர்னா ஷ்டால். ஆறடி உயரம், பாதிரி மாதிரி முகம். அவள் நேராக எறியும் பந்து கண்ணுக்குத் தெரியாது. வளைத்து எறியும் பந்து தெரியும், ஆனால் வந்து சேரும் இடம் வேறாக இருக்கும். எது வரப்போகிறது என்று யாராலும் சொல்ல முடியாது என்கிறார்கள்.

எனக்கு ஒன்று தெரிகிறது, அண்ணா. அவள் கையுறைக்குள் பந்தைப் பிடிக்கும்போது இடது ஆட்காட்டி விரலைக் கையுறைக்கு வெளியே வைக்கிறாள். வளைந்த பந்துக்கு முன்னால் மட்டும் அந்த விரல் கொஞ்சம் தூக்கிக்கொள்கிறது. கோதுமைக் கதிர் உயரம்கூட இல்லை. நூற்றுக்கும் மேல் பந்துகளை எண்ணிப் பார்த்தேன், ஒருமுறைகூடத் தப்பவில்லை. இதை மண்டபத்தில் படிக்கலாம். பெல்மோரில் நம் ஆட்கள் யாரும் இல்லை.

நாங்கள் 4–1 என்று தோற்றோம். நான் ஒரு நல்ல அடி அடித்தேன். இரண்டு தளம் ஓடினேன்.

உன்,
யூஸ்தினா


ஸோரியா
1 ஆகஸ்ட் 1948

அன்புத் தங்கைக்கு,

என்றென்றும் புகழ். அம்மா முழங்கால் பரவாயில்லை. மற்றவர்களும் சுகம். பதிலுக்கு மூன்று வாரம் எடுத்துக்கொண்டதற்கு வைக்கோல் வேலை ஒரு காரணம். இன்னொரு காரணத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இந்தக் கடிதம் உனக்கு மட்டும்.

நீ ஆடுவதில்லை, இல்லையா?

நம் ஊர் அணிக்கு எட்டு வருடம் மட்டைக்காரருக்குப் பின்னால் கேட்சராக உட்கார்ந்து எழுந்தவன் நான். இரண்டாம் தளத்தில் நிற்பவளுக்கு, மேனேஜர் வாய்க்குள் முனகுவது எப்படிக் கேட்கும்? ஆட்டம் நடக்கும்போதே அவர் முதுகில் எப்படித் தட்டினாய்? வேர்க்கடலையை எந்தக் கையால் தின்றாய், கையுறை போட்ட கையாலா? மைதானத்தில் சறுக்கி விழாத நாள் கிடையாது, பாவாடையோ முழங்காலுக்கு மேலே. ஆனால் மூன்று கடிதத்திலும் ஒரு சிராய்ப்பு இல்லை. போன கடிதத்தில் அடித்ததாகச் சொன்ன அடிக்கு எட்டு வார்த்தை. ஷ்டாலுடைய விரலுக்கு ஒரு பத்தி. நிஜமாக அடித்திருந்தால் நான்கு பக்கம் எழுதியிருப்பாய். உன்னை எனக்குத் தெரியும்.

எனக்குக் கோபம் இல்லை. கோபிக்கும் தகுதியும் இல்லை. ஜூன் மாதம் அப்பா, "நம்ம பொண்ணு என்ன பண்ணினா?" என்று கேட்டாரே. கடிதத்தைப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. மண்டபம் முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தேன். பந்து வேலியைத் தாண்டிப் பறந்தது, ஹோம் ரன்.

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை, பழைய கடிதங்களைத் திரும்பப் படிக்கச் சொல்லும் ஞாயிறுகளிலும். ஸோரியாவில் நீ இதுவரை நான்கு ஹோம் ரன் அடித்திருக்கிறாய். நான்காவது ஒரு புறாக்கூட்டத்துக்கு நடுவில் போனது, ஒரு புறாவுக்கும் காயம் இல்லை. நார்வேக்காரர்கள் தொப்பியைத் தூக்கிப் போட்டார்கள்.

எனக்கும் அதில் சந்தோஷமாகத்தான் இருந்தது. மன்னித்துக்கொள். உண்மையை எழுது.

உன் அண்ணன்,
ஒஸ்தப்


ஹார்ட்வெல்
9 ஆகஸ்ட் 1948

அன்புள்ள அண்ணாவுக்கு,

புகழ். உன் கடிதத்தை ரக் வீட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். அழவா சிரிக்கவா என்று தெரியாமல் விக்கல் வந்துவிட்டது. திருமதி ரக் சர்க்கரை கொண்டுவந்து கொடுத்தார்.

உண்மை இதுதான். மூன்றாவது ஆட்டத்தில் என் கால்களுக்கு நடுவே இரண்டு பந்துகள் போயின. இரண்டுமே எளிய பந்துகள். மறுநாள் டெல் என் இடத்தில் நின்றாள். அவள் என்னைவிட நன்றாக ஆடுகிறாள், அண்ணா. பொறாமைப்படலாம் என்று பார்த்தால், அவள் தாவுகிற அழகில் அது மறந்துபோகிறது. அன்றிலிருந்து மாற்று ஆளாக ஓரத்துப் பெஞ்சில்தான். எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அப்பா, "முதல்லேர்ந்து இன்னொரு தடவை படி" என்று சொன்னதாக எழுதியிருந்தாயே. அதற்குப் பிறகு கை ஓடவில்லை.

ஜூலை முதல் வாரத்தில் கோய்ல் என்னை வீட்டுக்கு அனுப்பத் தயாராக இருந்தார். அந்த வாரம்தான் ஷ்டாலின் விரலைப் பற்றி அவரிடம் சொன்னேன். நம்பவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பத்துப் பந்து பார்த்தார். "வளைவு, நேர், நேர், வளைவு" என்று முன்கூட்டியே சொன்னேன். பத்தும் சரி. புகையிலையைத் துப்பிவிட்டு, "இனிமே எனக்குப் பக்கத்துல உக்காரு" என்றார். இப்போது மற்ற அணிகளின் பந்து வீச்சாளர்களையும் பார்க்கிறேன். ஒருத்தி உதட்டைக் கடிப்பாள், ஒருத்தி குதிகாலை ஊன்றுவாள். இரண்டாம் இடத்திலிருந்து நாங்கள் முதல் இடத்துக்கு வந்துவிட்டோம். அதில் ஒரு மயிரிழை என்னுடையது என்று நினைத்துக்கொள்கிறேன்.

எப்படியாவது ஊருக்கு மெல்லச் சொல்லிவிடு. முடியாவிட்டால் ஹோம் ரன்களையாவது நிறுத்து. ஓர் அணியில் யாருமே இவ்வளவு அடிக்க மாட்டார்கள்.

உன்,
யூஸ்தினா


ஸோரியா
29 ஆகஸ்ட் 1948

அன்புத் தங்கைக்கு,

என்றென்றும் புகழ். சுகத்துக்குக் குறைவில்லை. மற்றதெல்லாம் வில்லங்கம்.

நிறுத்தச் சொன்னாய். இப்போது ஏழு ஆகிவிட்டது. ஏழாவது தண்ணீர்த் தொட்டிக்கு மேலே போனதைச் சொன்ன அன்று அப்பா எழுந்து நின்று கைதட்டினார். அன்று சாயங்காலம் அறுவடைக் கருவிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே, "நான் போய்ப் பாத்துட்டு வரப்போறேன்" என்றார்.

"எதை?"

"இவ அடிக்கறதை. இவ்வளவு அடிக்கறவளைப் பெத்தவன் ஒரு தடவைகூடப் பாக்கலேன்னா எப்படி?"

"அறுவடை?"

"நீ இருக்கே, உன் மாமன் இருக்கான். கோதுமை எங்கேயும் ஓடிப் போகாது."

மூன்று முறை உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். மூன்று முறையும் அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். அம்மாவும் வந்திருப்பாள், ஆனால் மாடு கறக்க ஆள் இல்லை. அதனால் முட்டைக்கோஸ் உருண்டைகளை ஒரு பானை நிறைய அனுப்புகிறாள். அப்பா செப்டம்பர் பதினாறாம் தேதி கிளம்பி, பதினெட்டாம் தேதி காலையில் ஹார்ட்வெல் வந்து சேர்வார்.

நான் கோழை. நீ பார்த்துக்கொள்.

ஒஸ்தப்


ஹார்ட்வெல்
20 செப்டம்பர் 1948

அன்புள்ள அண்ணாவுக்கு,

இயேசு கிறிஸ்துவுக்குப் புகழ், இந்த வாரம் இரண்டு மடங்கு. நான் சுகம், இடுப்பில் தட்டு அகலத்துக்கு ஒரு நீலக் கன்றலைத் தவிர. இந்தக் கடிதத்தை அப்பாவிடமே கொடுத்தனுப்புகிறேன். ஏன் சிரிக்கிறேன் என்று பிறகு தெரியும்.

அப்பா கோயிலுக்குப் போடும் கறுப்புக் கோட்டோடு ரயிலை விட்டு இறங்கினார். ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் சாக்குக்குள் பானை. "இளைச்சுட்டே" என்றார். வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்றுதான் நினைத்திருந்தேன். முடியவில்லை. பிளாட்பாரத்திலேயே சொல்லிவிட்டேன்.

"அப்பா, நான் ஆடறதில்ல. மே மாசத்துலேர்ந்து பெஞ்சுலதான் உக்காந்திருக்கேன்."

அவர் பானையைப் பத்திரமாகக் கீழே வைத்தார். "அப்போ அந்த ஏழு ஹோம் ரன்?"

"ஒண்ணுகூட நான் அடிக்கல."

"பின்னே யாரு அடிச்சா?"

"அண்ணன்."

எங்களைக் கடந்து ஒரு மூட்டை வண்டி போனது. அப்பா திரும்பி நின்றுகொண்டார். தோள் குலுங்கியது. எனக்கு உயிரே போய்விட்டது. முன்னால் போய்ப் பார்த்தால், மீசை நனைய நனையச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

"நல்லாத்தான் அடிச்சான்" என்றார். "அந்தத் தண்ணித் தொட்டிக்கு மேல போச்சே, அது யாரோட அடியா இருந்தா என்ன, பெரிய அடி."

கண்ணைத் துடைத்துக்கொண்டு பானையின் மேலேயே உட்காரப் போனார், தடுத்தேன். பெட்டிமேல் உட்கார்ந்தார்.

"உங்கண்ணன் சண்டையிலேர்ந்து வந்து மூணு வருஷம் ஆச்சு. கேட்டா ஒரு 'ம்'. கேக்கலேன்னா அதுவும் கிடையாது. பந்துங்கற வார்த்தையை வீட்ல யாரும் எடுக்கறதில்ல. இப்போ ஞாயித்துக்கிழமை ஆனா விடியறதுக்கு முன்னாடி எழுந்து சவரம் பண்ணிக்கறான். இடது கையால, ரத்தம் வர. பண்ணிக்கும்போது பாடறான், யூஸ்தினா. நானும் உங்கம்மாவும் படுக்கையிலேயே கேட்டுட்டுக் கெடப்போம்."

பானையைத் தூக்கிக்கொண்டு, "எனக்குத் தெரியும்னு அவன்கிட்ட சொல்லாதே" என்றார். நான் சொல்லவில்லை, அண்ணா. எழுதத்தான் செய்கிறேன்.

இனி ஆட்டம். சாம்பியன் பட்டத்துக்கு ஏழு ஆட்டம். எதிரில் அதே குளவிகள். ஆறு முடிந்து மூன்றுக்கு மூன்று. நேற்று ஞாயிறு மத்தியானம் ஏழாவது, எங்கள் மைதானத்தில். ஊரில் கடைகள் எல்லாம் பூட்டு.

ஷ்டாலின் விரலைப் பார்த்து நான் பெஞ்சிலிருந்து கத்த வேண்டும். ஆங்கிலத்தில் கத்தினால் அவர்களுக்குப் புரிந்துவிடும். அதனால் எங்கள் பெண்களுக்கு நம் மொழியில் இரண்டு வார்த்தை கற்றுக்கொடுத்திருந்தேன். வளைந்து வந்தால் 'கபுஸ்தா', நேராக வந்தால் 'புரியாக்'. முட்டைக்கோஸ், பீட்ரூட். இதை அப்பாவிடம் சொல்ல மறந்துவிட்டேன். ஐந்தாவது வரிசையில் இருந்தவருக்கு, மகள் தொண்டை கிழிய "முட்டைக்கோஸ், முட்டைக்கோஸ்" என்று கத்துவது மட்டும்தான் கேட்டிருக்கிறது. எழுந்து நின்று நம் மொழியில் கேட்டார், மைதானம் முழுக்கக் கேட்க:

"காலையில சாப்பிடலையாடி?"

அம்மாவின் பானை ஐந்தாவது வரிசையிலிருந்து கை மாறிக் கை மாறி எங்கள் பெஞ்சுக்கு வந்து சேர்ந்தது. கோய்ல் மூன்று உருண்டை தின்றார். புகையிலையை விட்டுவிடலாம் போலிருக்கிறது என்றார்.

கடைசிச் சுற்று. இரண்டுக்கு இரண்டு. எங்கள் முறை. இரண்டு பேர் அவுட். மூன்று தளங்களிலும் எங்கள் ஆட்கள், மூன்றாவதில் டெல். அடுத்து மட்டை பிடிக்க வேண்டியது எங்கள் பந்து வீச்சாளர். அவளுக்கு மட்டைக்கும் துடைப்பத்துக்கும் வித்தியாசம் தெரியாது. கோய்ல் என்னைப் பார்த்தார்.

"ஜஸ்டி, மட்டையை எடு."

"நானா?"

"மூணு மாசமா அந்த விரலைத் தூரத்துலேர்ந்து பாக்கறே. போய்க் கிட்டத்துல பாரு."

மட்டையை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். முதல் பந்து, விரல் அசையவில்லை, நேர். தெரிந்தும் தவறவிட்டேன். இரண்டாவதும் நேர். மட்டையின் ஓரத்தில் பட்டுப் பக்கவாட்டில் கூட்டத்துக்குள் போனது, அதுவும் தவறவிட்ட கணக்குதான். இன்னும் ஒன்று தவறினால் முடிந்தது. ஷ்டால் மூச்சை இழுத்தாள். விரல் எழுந்தது.

வளைவு. வளைந்த பந்து முதலில் நம் உடம்பைப் பார்த்துத்தான் வரும், கடைசி நொடியில் விலகும். எல்லோரும் பயந்து பின்னால் குதிப்பார்கள். அதனால்தான் அவள் ஜெயிக்கிறாள். நான் குதிக்க மாட்டேன் என்று முடிவு செய்தேன். பந்து வந்தது. என்னைப் பார்த்தே வந்தது. இப்போது விலகும், இப்போது விலகும் என்று நின்றேன்.

அது விலகவில்லை. மூன்று மாதத்தில் அவள் ஒரே ஒரு பந்தைத் தப்பாக எறிந்தாள், அது என் இடுப்பில் விழுந்தது. ஐந்தாவது வரிசை வரை எலும்புச் சத்தம் கேட்டதாம்.

நான் மண்ணில் உட்கார்ந்திருந்தேன். நடுவர் முதல் தளத்தைக் காட்டி ஏதோ சொன்னார், புரியவில்லை. பந்து பட்டவளுக்கு முதல் தளம் சொந்தம், அண்ணா. தளங்கள் நிரம்பியிருந்தால் எல்லோரும் ஒவ்வொன்று நகர வேண்டும், மூன்றாவதில் இருப்பவளுக்கு ஓட்டம். உனக்குத் தெரியும், எனக்குத்தான் அந்த நிமிடத்தில் மறந்துவிட்டது. டெல் மூன்றாம் தளத்திலிருந்து சிரித்துக்கொண்டே நடந்து வந்து, என் பக்கத்தில் மட்டைக்காரர் நிற்கும் இடத்துத் தட்டை மிதித்து, "எழுந்திரு, நீ முதல் தளத்தைத் தொடணும், அப்பதான் ஜெயிப்போம்" என்றாள். நொண்டிக்கொண்டே போய்த் தொட்டேன். அதன் பிறகு வானம் பார்த்தது மட்டும்தான் நினைவிருக்கிறது, அவ்வளவு பேர் என்னைத் தூக்கினார்கள்.

அப்பா கோட்டும் தொப்பியுமாக மைதானத்துக்குள் வந்துவிட்டார். கோதுமை வியாபாரிகளிடம் பேசும் ஆங்கிலத்தில் கோய்லிடம் கேட்டார்.

"ஜெயிச்சாச்சா?"

"ஜெயிச்சாச்சு."

"யாரு அடிச்சா?"

"யாரும் அடிக்கல. உங்க பொண்ணு அடி வாங்கினா."

அப்பா நேற்றிலிருந்து அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறார். அடுத்த வருடமும் வரச் சொல்லியிருக்கிறார் கோய்ல். இரண்டாம் தளம் டெல்லுக்குத்தான். எனக்கு அவர் பக்கத்து இடம். எனக்குச் சம்மதம்.

இதை மண்டபத்தில் எழுதியிருக்கிறபடியே படி. ஒரு சொல் கூட்டாதே. அப்பாவின் பிளாட்பாரப் பேச்சை மட்டும் விட்டுவிடு, அது நம் மூன்று பேருக்கு.

உன் தங்கை,
யூஸ்தினா


ஸோரியா
3 அக்டோபர் 1948

அன்புத் தங்கை யூஸ்தினாவுக்கு,

என்றென்றும் புகழ். எல்லோரும் சுகம். அப்பா கடிதத்தைத் தம் கையாலேயே என்னிடம் கொடுத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போலப் பூட்ஸைக் கழற்றினார். நான் தொழுவத்துக்குப் போய் நின்று படித்தேன். திரும்பி வந்தபோது மேசையில் அவர் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு துண்டு கூடுதலாக வெட்டினார். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அது பழைய பேசாமை இல்லை.

இன்று மண்டபம். நீ சொன்னபடியே ஒரு சொல் கூட்டாமல் படித்தேன். பானை வந்த இடத்தில் அம்மாவை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், அவள் முக்காட்டை இழுத்துக்கொண்டாள். கடைசிப் பந்து வந்தது. உன் இடுப்பில் பட்டது. நிறுத்தினேன்.

ஒரு கைதட்டல் இல்லை.

"ஒழுங்காப் படி, ஒஸ்தப்" என்றாள் பரஸ்கா அத்தை.

"ஒழுங்காத்தான் படிக்கறேன்."

"ஏழு ஹோம் ரன் அடிச்ச பொண்ணு, பட்டம் ஜெயிக்கற நாள்ல மரம் மாதிரி நின்னு அடி வாங்குவாளா? யார்கிட்ட கதை விடறே?"

ஹ்ரின்கோ, "நடுவுல ஒரு பக்கத்தைத் தவற விட்டிருப்பான்" என்றார். நார்வேக்காரர்கள்கூடத் தலையை ஆட்டினார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மேடையில் உண்மையைச் சொல்கிறேன், ஒருத்தர் நம்பவில்லை.

அப்பா எழுந்தார். "அவன் படிச்சது நெசம். நான் அங்கே இருந்தேன். அடி வாங்கினா. ஜெயிச்சாங்க."

சாமியார் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "அப்போ முன்னாடி அடிச்சதெல்லாம்?"

"அதெல்லாம் நான் அடிச்சது, சாமி."

"ஏழுமா?"

"ஏழும்."

என்னை வெளியே துரத்துவார்கள் என்று நினைத்தேன். நீ பெஞ்சில் இருந்ததையும், ஷ்டாலின் விரலைக் கண்டுபிடித்ததால்தான் அணியில் உன்னை வைத்துக்கொண்டார்கள் என்பதையும் சொன்னேன். "அப்போ மூளையாலேயே ஜெயிச்சிருக்கா" என்றார் ஹ்ரின்கோ. ஒருவர் தட்ட, எல்லோரும் தட்டினார்கள். உனக்குத்தான் தட்டினார்கள், யூஸ்தினா, அடிக்காத அடிக்கு இல்லை.

கூட்டம் கலையும் என்று கடிதத்தை மடித்துப் பையில் வைத்தேன். யாரும் எழுந்திருக்கவில்லை. பரஸ்கா அத்தை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அந்த ஏழாவது," என்றாள், "தண்ணித் தொட்டிக்கு மேல போனது. அதுவும் பொய்யா?"

"அதுவும் பொய்தான் அத்தை."

"எனக்கு அது ரொம்பப் பிடிச்சது. இன்னொரு தடவை சொல்லு."

அப்பாவைப் பார்த்தேன். குழாயைப் பற்றவைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து வசதியாக உட்கார்ந்தார்.

சொன்னேன். பொய் என்று தெரிந்த முப்பத்தெட்டு பேருக்கு நடுவில், இந்த வருடத்திலேயே நன்றாகச் சொன்னேன். மட்டையைச் சுழற்றிய இடத்தில் இரண்டு கையையும் சேர்த்துச் சுழற்றினேன் என்று அம்மா பிறகு சொன்னாள், இருக்கிற கையையும் இல்லாத கையையும். பந்து தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியபோது மண்டபம் முழுக்க அண்ணாந்து பார்த்தது.

நீ வரும் ரயிலின் நாளை எழுது. ஊரே ஸ்டேஷனுக்கு வரும். இடுப்புக் கன்றலைக் காட்டச் சொல்லி அத்தை கேட்பாள், என்ன பதில் சொல்வது என்று இப்போதே யோசித்து வை.

உன் அண்ணன்,
ஒஸ்தப்